ஒரு தேக்கரண்டி, இரண்டு நிமிடம்

"அம்மா, டயப்பரைக் குப்பையில போட்டுடாதீங்க. எங்கிட்ட குடுங்க."

குழந்தைகள் வார்டில் சிஸ்டர் இப்படிக் கேட்டால், புதிதாக வந்திருக்கும் அம்மாவுக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். சிஸ்டர் அந்த ஈர டயப்பரை வாங்கிச் சின்னத் தராசில் வைக்கிறார். 85 கிராம். அதே டயப்பர் காய்ந்திருந்தபோது 25 கிராம் என்று முன்பே குறித்து வைத்திருக்கிறார். கழித்தால் 60. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளை எடுத்து, சிறுநீர் 60 மி.லி. என்று எழுதுகிறார்.

கிராமில் நிறுத்தார், மில்லிலிட்டரில் எழுதினார். எப்படி? ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம். சிறுநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் அதற்கும் இந்தக் கணக்கு போதும். பேசத் தெரியாத, கழிப்பறைக்குப் போகத் தெரியாத ஒரு குழந்தையின் சிறுநீரை அளக்க இதைவிட எளிய வழி கிடையாது.

அந்தத் தாளுக்கு வார்டில் இன்டேக்-அவுட்புட் சார்ட் என்று பெயர். ஒரு பக்கம் வரவு: குடித்த பால், கஞ்சி, டிரிப்ஸில் ஏறிய மருந்து நீர், மாத்திரையோடு கொடுத்த இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்கூட. மறுபக்கம் செலவு: சிறுநீர், வாந்தி, வயிற்றுப்போக்கு. இந்தக் குழந்தையின் எடை 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நன்றாக இருக்கும் கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 முதல் 2 மி.லி. வரை சிறுநீர் வரும். அப்படியானால் 6 கிலோவுக்கு மணிக்கு 6 முதல் 12 மி.லி. இந்த 60 மி.லி. ஆறு மணி நேரத்தில் வந்தது. மணிக்கு 10. சிஸ்டரின் முகம் தெளிகிறது. மணிக்கு 6-க்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லியிருப்பார்.

இவ்வளவு சின்னக் கணக்கை இவ்வளவு கவனமாகப் போடுவது ஏன்? உங்களுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கு வந்தால் சோர்ந்து படுப்பீர்கள், மறுநாள் எழுந்து விளையாடப் போவீர்கள். ஆறு மாதக் குழந்தைக்கு அதே ஒருநாள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். காரணம் குழந்தையின் உடலிலேயே இருக்கிறது.

பிறந்த குழந்தையின் எடையில் நூற்றுக்கு 75 பங்கு தண்ணீர். குறைமாதத்தில் பிறந்திருந்தால் இன்னும் அதிகம். பெரியவர்களுக்கு இது ஏறக்குறைய 60. தண்ணீர் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் உடலின் தண்ணீரில் ஒரு பங்கு செல்களுக்குள் இருக்கிறது. மறுபங்கு செல்களுக்கு வெளியே, இரத்தத்திலும் செல்களைச் சுற்றியும் இருக்கிறது. உடலை விட்டு முதலில் வெளியேறுவது இந்த வெளித் தண்ணீர்தான். பச்சிளங்குழந்தைக்கு இந்த வெளிப்பங்கு பெரியவர்களைவிட மிக அதிகம். அதில் ஏறக்குறைய பாதி ஒவ்வொரு நாளும் வெளியே போய்ப் புதிதாக நிரம்புகிறது. பெரியவர்களுக்கு ஏழில் ஒரு பங்குதான் அப்படி மாறுகிறது. எனவே குழந்தை அரைநாள் குடிக்காமல் இருந்தாலே இருப்பு மளமளவென்று குறையும்.

அடுத்தது தோல். காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் கன அளவு 1, மேற்பரப்பு 6. பக்கம் 2 செ.மீ. என்றால் கன அளவு 8, மேற்பரப்பு 24. முதலாவதில் ஒரு பங்கு கன அளவுக்கு 6 பங்கு மேற்பரப்பு; இரண்டாவதில் 3 தான். பொருள் சிறியதாக ஆக, அதன் அளவுக்கு மேற்பரப்பு கூடுகிறது. கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு உள்ள தோல், பெரியவர்களுக்கு இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அந்தத் தோல் வழியாக, வியர்க்காமலேயே, கண்ணுக்குத் தெரியாமல் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூச்சிலும் போகும். நீங்கள் நிமிடத்துக்கு இருபது முறை மூச்சு விட்டால் பிறந்த குழந்தை 40 முதல் 60 முறை விடுகிறது. காய்ச்சல் வந்தால் இந்த இழப்பு இன்னும் கூடும். மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் படுத்திருக்கும் குழந்தைக்கும் அப்படியே.

சிறுநீரகமும் இன்னும் பழகவில்லை. தண்ணீர் குறைந்தால் நம் சிறுநீரகம் உஷாராகிவிடும். சிறுநீரை அடர்த்தியாக்கி, தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கும். அதனால்தான் வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் மஞ்சளாகப் போகிறது. பிறந்த குழந்தையின் சிறுநீரகத்தால் பெரியவர்களில் பாதி அளவுக்குத்தான் இப்படி அடர்த்தியாக்க முடியும்.

இத்தனைக்கும் மேல், "தண்ணி வேணும்" என்று கேட்கவும் குழந்தைக்குத் தெரியாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதற்கு மருத்துவமனைகளில் இன்றும் பயன்படும் ஒரு கணக்கு இருக்கிறது. 1957-இல் மால்கம் ஹாலிடே, வில்லியம் சீகர் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொன்னது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி. அடுத்த 10 கிலோவுக்கு 50 மி.லி. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மி.லி. உங்கள் எடைக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ உள்ள அப்பாவுக்கு 1000 + 500 + 800 = 2300 மி.லி. வரும். வகுத்தால் கிலோவுக்கு 38 மி.லி. கைக்குழந்தைக்குக் கிலோவுக்கு 100.

தண்ணீர் குறைந்துவிட்டது என்பதைக் குழந்தையின் உடலே காட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தலையுச்சியில் எலும்பு இன்னும் சேராத மெத்தென்ற இடம் இருக்கும். அது உச்சிக்குழி. நீர் வற்றினால் அது பள்ளமாக இறங்கும். கண்கள் உள்ளே போகும். அழுதால் கண்ணீர் வராது. நாக்கும் உதடும் உலரும். முதலில் குழந்தை எரிச்சலாக இருக்கும், தம்ளரைக் கண்டால் தாவும். நிலைமை முற்றினால் துவண்டு போகும், குடிக்கவும் விரும்பாது. அழுகை நின்றுவிட்டதே, தூங்குகிறதே என்று அப்போது நிம்மதியடையக் கூடாது.

இன்னொரு சோதனையும் செய்வார்கள். சிஸ்டர் குழந்தையின் வயிற்றில், தொப்புளுக்கும் இடுப்புப் பக்கத்துக்கும் நடுவே, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மெல்லக் கிள்ளித் தூக்கி விடுவார். நல்ல நிலையில் இருந்தால் விட்ட கணமே தோல் படிந்துவிடும். இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பு அப்படியே நின்றால் நிலைமை கடுமை. கொழுகொழு குழந்தைகளிடம் இந்தச் சோதனை ஏமாற்றிவிடலாம். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மடிப்பை நிற்கவிடாது. அதனால் சிஸ்டர் இதை மட்டும் நம்புவதில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில், துணியில்லாமல் எடை பார்ப்பார். நேற்று 10 கிலோ இருந்த குழந்தை இன்று 9 கிலோ 500 கிராம் என்றால், ஓர் இரவில் சதை கரைந்துவிடாது. போனது அரை லிட்டர் தண்ணீர். ஒரு கிலோவே குறைந்திருந்தால் மிக ஆபத்து.

சரி, போனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே? ஆமாம், ஆனால் அளந்து. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

நம் ஊரில் 'குளுக்கோஸ் ஏத்துறாங்க' என்பார்களே, அந்த டிரிப்ஸைக் குழந்தைகள் வார்டில் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். பாட்டிலுக்கும் குழாய்க்கும் நடுவே கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குழல் தொங்கும். அதில் ஓரிரு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டுமே சிஸ்டர் நிரப்புவார். குழாயின் திருகி தவறிப்போய்த் திறந்துகொண்டாலும் குழலில் இருப்பதுதான் உள்ளே போகும், 500 மி.லி. பாட்டில் முழுவதும் 5 கிலோ குழந்தையின் உடம்பில் ஏறிவிடாது. ஏறிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அந்தக் குழலிலிருந்து விழும் துளியும் குட்டித் துளி. 60 துளி சேர்ந்தால்தான் 1 மி.லி. ஒரு மணிக்கு 60 நிமிடம். இந்த இரண்டு அறுபதும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் கணக்கு அழகாக முடிகிறது: மணிக்கு எத்தனை மி.லி. வேண்டுமோ, நிமிடத்துக்கு அத்தனை துளி. மணிக்கு 33 மி.லி. வேண்டுமென்றால், சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திருகியைச் சுழற்றி நிமிடத்துக்கு 33 துளி விழ வைப்பார். மின்சாரப் பம்பு உள்ள மருத்துவமனைகளில் இந்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. இல்லாத இடங்களில் இன்றும் கண்ணும் கடிகாரமும்தான்.

ஊசியில்லாமல் வாய் வழியாகக் கொடுத்தால் என்ன? இங்கேதான் மருத்துவ உலகம் வெகுகாலம் திணறியது. காலராவில் நோயாளி குடிக்கும் வெறும் தண்ணீர் குடலில் நிற்காமல் வெளியே வந்துவிடும். 1832-இல் தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இரத்தக் குழாய்க்குள் உப்பு நீரைச் செலுத்திக் காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்துக் காட்டினார். பின்னாளில் ஊசி வழிதான் சிறந்த வழி என்றாயிற்று. ஆனால் ஊசியும் பாட்டிலும் பயிற்சி பெற்ற கையும் இல்லாத கிராமத்தில் என்ன செய்வது?

விடை குடலுக்குள் இருந்தது. 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். குடல் சுவரில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்கிறது என்றார். வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால்தான் அது திறக்கும். அதுபோல உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையான குளுக்கோஸும் ஒன்றாக வந்தால்தான் இந்த வழி திறக்கும். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரையும் உப்பையும் கொட்ட வைக்கிறது. ஆனால் இந்த ஒரு வழியை அது கெடுப்பதில்லை. வெறும் தண்ணீர் வெளியே வந்துவிடும் அதே குடலில், உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த தண்ணீர் தங்கிவிடுகிறது!

இதற்கு முன்பே, 1953-இல், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்து எழுதியிருந்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் முறையாகச் சோதித்தார்கள். வெளியே போகும் நீரை அளந்து, அதே அளவுக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஊசி வழியாக ஏற்ற வேண்டிய நீரில் ஐந்தில் நான்கு பங்கு மிச்சமானது. அங்கேயும் வெற்றிக்குக் காரணம் வரவு செலவுக் கணக்குதான்.

அடுத்து நடந்ததை நான் எப்போது படித்தாலும் மனம் பதறும். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தில் எல்லையோரம் உள்ள பன்காவ் ஊரின் முகாம்களில் காலரா பரவியது. அங்கே அனுப்பப்பட்டவர் திலீப் மஹலனாபிஸ். அவர் குழந்தை மருத்துவர். அந்தச் சின்ன மருத்துவமனையில் படுக்கை போதாமல் நோயாளிகள் தரையெங்கும் கிடந்தார்கள். மண்டியிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது. கொண்டுபோன பாட்டில்கள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. மஹலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். கல்கத்தாவிலுள்ள ஆய்வுக்கூடத்தில் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நிறுத்துப் பைகளில் அடைத்து வரவழைத்தார். லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா 2.5 கிராம். முகாமில் அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வைத்த டிரம்களில் ஊற்றி வைத்தார்கள். நோயாளியின் அம்மா, அக்கா, தாத்தா என்று கூட இருந்தவர்களே குவளையில் பிடித்துப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்த முறையில் கவனிக்கப்பட்ட 3,700-க்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. மஹலனாபிஸ் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. வாழ்ந்தபோதே கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

போருக்குப் பிறகு வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று அவர்கள் தாய்மார்களுக்குச் செய்து காட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். தாய் எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறார் என்று பின்னால் ஒருவர் போய்ச் சோதிப்பார். அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். இப்படி ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

அந்தக் கரைசல்தான் இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். 2002 முதல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் உப்பும் சர்க்கரையும் முன்பைவிடக் குறைவு. லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம்.

வாந்தி எடுக்கும் குழந்தைக்கு இதை எப்படிக் கொடுப்பது? இங்கேதான் செவிலியரின் பொறுமையைப் பார்க்க வேண்டும். தாகத்தில் தவிக்கும் குழந்தை தம்ளரோடு மடமடவென்று குடித்தால் அடுத்த நிமிடமே கக்கிவிடும். 8 கிலோ குழந்தைக்கு மிதமான நீரிழப்பு என்றால், மருத்துவமனையில் கிலோவுக்கு 75 மி.லி. வீதம் 600 மி.லி. கரைசலை நான்கு மணி நேரத்தில் கொடுப்பார்கள். மணிக்கு 150 மி.லி. ஒரு தேக்கரண்டி 5 மி.லி. அப்படியானால் மணிக்கு 30 கரண்டி, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. நான்கு மணி நேரத்தில் 120 முறை. சில இடங்களில் பாலாடையால் புகட்டுவார்கள். நடுவில் வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடி தொடங்குவார்கள். சிஸ்டர் முதல் சில கரண்டிகளைத் தானே கொடுத்துக் காட்டிவிட்டு அம்மாவிடம் கரண்டியைத் தருவார். "வாந்தி எடுக்குதே, நிறுத்திடட்டுமா சிஸ்டர்?" என்று அம்மா கேட்பார். "நிறுத்தாதீங்கம்மா. எடுத்ததைவிட உள்ளே போனது அதிகம். விடாம குடுங்க" என்பார் சிஸ்டர். ஊசிக்குப் பயந்து அலறிய குழந்தை இரண்டு மணி நேரத்தில் கண்ணீரோடு அழத் தொடங்கினால் வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கண்ணீர் திரும்பி வந்துவிட்டதே!

வயிற்றுப்போக்கு என்றால் வயிற்றைக் காயப் போட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது வேண்டாம். தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடர வேண்டும். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நம்பி, தொக்கம் எடுக்கிறவரைத் தேடி ஊர் ஊராக அலைவதிலும் நேரம்தான் போகும். நேரம்தான் இங்கே இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் காலத்திலும் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீரே. வெறும் தண்ணீரை நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். தண்ணீர் செல்களுக்குள் புகும். மூளைச் செல்கள் வீங்கி வலிப்புக்கூட வரலாம்.

பாக்கெட்டை நீங்களே படித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மி.லி. பாக்கெட்டும் உண்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு மிதமிஞ்சி, குழந்தைக்குக் கேடாகும். பாதிப் பாக்கெட்டைப் பாதித் தண்ணீரில் என்று குத்துமதிப்பாகவும் கலக்கக் கூடாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். கரைத்த பின் காய்ச்சக் கூடாது. 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குளிர்பானமும் டப்பாப் பழச்சாறும் இதற்கு மாற்று அல்ல. அவற்றின் சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். கடைகளில் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு விற்கப்பட்டதால், உரிய அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாதென 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. மருத்துவர்களும் பெற்றோரும் விடாமல் கேட்டதால் வந்த நல்ல உத்தரவு அது. டாக்டர் துத்தநாக மருந்து எழுதித் தந்தால், போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும்.

வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ வயிற்றுப்போக்கு என்றால், நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு வரவு செலவை நீங்கள் எழுதலாம். எத்தனை கரண்டி குடித்தது, எத்தனை முறை போனது, கடைசியாகச் சிறுநீர் எப்போது. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராவிட்டாலோ, கணக்கெழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கிளம்பச் சொல்லுங்கள். விழித்திருந்து விழுங்கக்கூடிய குழந்தைக்கு வழியிலும் ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போகலாம். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது ஊசி வழி நீர்.